கம்பளி ஜட்டி: சில குறிப்புகள்

மேலே துணி காயவில்லை. மகள் போனில் முதலில் சொன்னது அதைத்தான். பிள்ளை பால் குடித்தது, தூங்கியது எல்லாம் அப்புறம்.

ஆடி மாதம். போடியில் காற்று மட்டும். புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற காற்று. கொடியில் போட்ட வேட்டி எடுப்பதற்குள் மொறமொறவென்று ஆகிவிடுகிறது.

அதே நேரம் 17 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, போடிமெட்டு தாண்டித் தோண்டிமலைப் பக்கம், விடாத மழை. மேகம் வாசல் ஏறி அடுப்படிவரை வருகிறதாம்.

ஒரே மலை. அந்தப் பக்கச் சரிவு நனைகிறது. இந்தப் பக்கம் ஆடு மேய்கிற இடத்தில் புல்கூட இல்லை.

பிறந்த பிள்ளை ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை பெய்யும். தடவைக்கு ஒரு துணி.

அடுப்புக்கு மேலே கயிறு கட்டி வைத்திருக்கிறாள். துணி பாதி காய்கிறது, மீதி புகை குடிக்கிறது. பிள்ளை தலையை மோந்து பார்த்தாலும் புகை வாசனை.

*

கீழே எங்கள் பக்கம் பிள்ளைக்கு ஜட்டி என்று ஒன்று கிடையாது.

அரைஞாண் கயிறு. நைந்த வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்து லங்கோடு. சித்திரை வைகாசியில் அதுவும் இல்லை.

தொட்டிலில் பெய்தால் சேலை வழியே சொட்டும். சாணி மெழுகிய தரை அதைக் குடித்துவிடும். சிமெண்டுத் தரை வந்த பிறகுதான் துடைக்கிற வேலை வந்தது.

மேலே அம்மணமாகப் போட வழியில்லை. குளிர்.

ரப்பர் ஷீட். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது எல்லோரும் வாங்குவது. மெத்தை நனையாது. பிள்ளை நனைந்தபடி கிடக்கும். மெத்தைக்காக வாங்குகிற பொருள் அது.

கடை டயாபர். மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் குப்பை வண்டி வருவதில்லை. எரித்தால் சரியாக எரியாது. உள்ளே இருக்கும் பிசின் ஊறி உப்பிக் கிடக்கும். புதைத்தால் நாய் தோண்டும்.

கிழக்குச் சரிவில் குரங்கணிக்கு மேலே ஓடையில் எறிந்தால் கொட்டகுடி ஆறு. கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரைத்தான் போடியில் குடிக்கிறோம். மேற்குச் சரிவில் எறிந்தால் பன்னியாறு, அங்கிருந்து பெரியாறு.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் எழுதியிருந்தது: டயாபர் செய்கிற கம்பெனி அதைச் சுற்றிப் போட உறையும் தர வேண்டும். உறையில் சுற்றியாயிற்று. அப்புறம் லயத்தில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

*

உள்ளே பருத்தி. வெளியே கம்பளி. பருத்தி குடிக்கும், கம்பளி தாங்கும்.

குளிர் நாடுகளில் பழைய வழக்கம். நம்மிடம் பருத்தி உண்டு, வெளியே போடுகிற அந்த இரண்டாவது துணி மட்டும் இல்லை.

கம்பளி இழையின் வெளிப்புறம் தண்ணீரை ஒட்டவிடாது. மெல்லிய கொழுப்புப் படலம். உட்புறம் நேர் எதிர். ஈர ஆவியை இழுத்து வைத்துக்கொள்ளும், தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை. அவ்வளவு வாங்கியும் தொட்டால் ஈரம் தெரியாது.

ஈரம் ஏறும்போது கம்பளி லேசாகச் சூட்டையும் வெளியே விடுகிறது. கற்பனை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். நனையும் நேரத்தில் வெதுவெதுப்பு.

பிளாஸ்டிக் ஜட்டி ஈரத்தை வெளியே விடாது. உள்ளே புழுங்கும். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமி உடைக்கும். அம்மோனியா. தொடை இடுக்கு சிவந்துபோகும். கம்பளிக்குள் காற்று போய் வரும்.

பிள்ளையின் தோலுக்கும் மூச்சு வேண்டும். நான் தைக்க உட்கார்ந்தது இதற்காகத்தான்.

*

எது கம்பளி?

பஜாரில் "உல்லன்" என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் அக்ரிலிக். குளிர் காலத்தில் வரும் திபெத்தியர்கள் லூதியானாவில் எடுத்து வந்து விற்கும் ஸ்வெட்டரிலும் பெரும்பாலும் அதுதான். பார்க்க அழகு. தண்ணீர் நேரே வெளியே வந்துவிடும்.

ஒரு இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்க வேண்டும். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை. தீயை எடுத்தால் தானே அணையும். சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். விரலால் நசுக்க முடியாது.

முடி வாடை வருவது கந்தகத்தால். நம் முடியிலும் நகத்திலும் உள்ள அதே புரதம்.

பீரோவின் அடித்தட்டில் மாமனாரின் ராணுவ ஜெர்சி இருந்தது. ஆலிவ் பச்சை. முழங்கையிலும் தோளிலும் துணி ஒட்டு. இழையைப் பிடுங்கிக் கொளுத்தினேன். முடி வாடை.

அவர் எங்கெல்லாம் அதைப் போட்டிருந்தார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. "குளிரான ஊருன்னு லெட்டர் போடுவாரு. ஊரு பேரு போட மாட்டாக."

வெட்டலாமா என்று அத்தையிடம்தான் கேட்டேன். "வெட்டு ஆத்தா. பீரோவுக்குள்ள இருந்து யாருக்குக் குளிரு போச்சு?"

கான்பூரில் லால் இம்லி, பஞ்சாபில் தாரிவால். ராணுவத்துக்குக் கம்பளி நெய்த இரண்டு பழைய ஆலைகள். ஆயிரத்து எண்ணூறுகளின் கடைசியில் தொடங்கியவை, 1981இல் அரசு எடுத்துக்கொண்டது. இந்த ஜெர்சி எந்த ஆலை நூல் என்று பார்க்க முத்திரையைத் தேடினேன். அழிந்திருக்கிறது.

*

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது: கொதிக்கிற தண்ணீர், சோப்பு, அடித்துத் துவைத்தல். கம்பளிக்கு எதையெல்லாம் செய்யக் கூடாது என்பார்களோ அதையெல்லாம் வேண்டுமென்றே.

இழையின் மேலே செதில்கள். எல்லாம் நுனியைப் பார்த்துப் படுத்திருக்கும். சூடும் சோப்பும் அவற்றை எழுப்பிவிடும். அடிக்க அடிக்க ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். திரும்பப் பிரியாது.

ஜெர்சி சுருங்கித் தடித்தது. பின்னல் கண்கள் மறைந்தன. இனி கத்தரி போட்டாலும் ஓரம் பிரியாது. ஓவர்லாக் வேண்டாம்.

சாக்கட்டி இதில் பிடிக்கவில்லை. சோப்புத் துண்டால் கோடு போட்டேன்.

கை இரண்டும் கால் இரண்டு ஆகின்றன. மணிக்கட்டுப் பட்டி கணுக்காலுக்கு. ஜெர்சியின் அடிப்பட்டி இடுப்புக்கு. புதிதாக ஒன்றும் வைக்க வேண்டாம்.

முழங்கை ஒட்டு சரியாகப் பிள்ளையின் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. தவழும்போது தேய்கிற இடம் அதுதான். சிப்பாய் தவழ்ந்து தேய்த்த இடமும் அதுதான்.

இரண்டு காலுக்கும் நடுவே சாய்சதுரமாக ஒரு துண்டு. அங்கே மட்டும் இரட்டை அடுக்கு. அந்தத் துண்டு இல்லாமல் தைத்தால் பிள்ளை காலை மடக்கும்போது இழுக்கும், இடுக்கில் வாய் திறந்து ஒழுகும்.

நூல். பருத்தி நூல் கூடாது. பருத்தி நூல் ஈரத்தை உள்ளேயிருந்து தையல் ஓட்டை வழியாக வெளியே கடத்திவிடும். கோடு போட்ட மாதிரி தையல் மட்டும் நனைந்திருக்கும். பாலியெஸ்டர் நூல், இல்லாவிட்டால் கொதிநீரில் போடும் முன்பே ஜெர்சியிலிருந்து பிரித்துவைத்த கம்பளி நூல்.

என் மிஷின் கால் மிஷின். ஜிக்ஜாக் கிடையாது. நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறும். அதனால் தைக்கும்போதே துணியை இரண்டு கையாலும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். ஊசி 16.

நடுத்துண்டைக் கையால் தைத்தேன். நாலு அடுக்கு சேர்கிற இடம் மிஷினுக்குள் நுழையவில்லை.

எலாஸ்டிக் வைக்கவில்லை. வயிற்றில் சிவப்புக் கோடு விழும். பிரித்த நூலில் பின்னிய நாடா. முன்பக்கம் தாழ்வு. தொப்புள் காயும்வரை அங்கே எதுவும் உரசக் கூடாது.

*

1942. மலேயாவை ஜப்பான் பிடித்தது.

அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வெட்டு நின்றது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ரப்பருக்குப் பஞ்சம். டயருக்குப் பஞ்சம், குழந்தைகளின் ரப்பர் ஜட்டிக்கும் பஞ்சம். தாய்மார்கள் மறுபடி கம்பளி நூலை எடுத்தார்கள்.

பால் வெட்டியவர்களில் பல ஆயிரம் பேரைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை.

    

1946, அமெரிக்கா. மரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டிப் பிள்ளைக்கு மேல்ஜட்டி தைத்தார். பிறகு பாராசூட் நைலானில். பின்னூசிக்குப் பதில் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பொத்தான். 1949இல் கடைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை.

1961இல் பாம்பர்ஸ்.

திரை. பாராசூட். சிப்பாய் ஜெர்சி. கிழிந்த வேட்டி. பிள்ளையின் இடுப்புக்குப் புதுத்துணி எடுத்தவர் யாரும் இல்லை.

*

மேலே மருமகன் ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்துகிற இடத்தில், கணக்கு எழுதுகிறார். வீடு ஸ்டோருக்குப் பின்னால்.

பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு ஈரம். அது 10 பங்குக்கு இறங்க வேண்டும். 50 டிகிரிச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக, ஏறக்குறைய ஒரு நாள் பொழுது. அவசரப்பட்டால் காய் வெடிக்கும். தாமதித்தால் பச்சை போய்விடும். நிறம் போனால் விலை போச்சு.

ராத்திரி ஆள் விழித்திருக்கிறார். சூடு பார்க்க, காயைப் புரட்ட.

ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. மீதி எல்லாம் தண்ணீர். கூரை வழியாக மழைக்குள்ளேயே திரும்பிப் போகிறது.

ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், சோப்பு, எதுவானாலும். அதனால் உள்ளே வேறு எதையும் காயப்போட விடமாட்டார்கள்.

ஸ்டோரின் பின்சுவர் வெதுவெதுவென்று இருக்கும். மகள் பிள்ளைத் துணியை அந்தச் சுவர் ஓரமாகக் கொடி கட்டிப் போடுகிறாள். வெளிப்பக்கம்.

காய்ந்த காயைக் கறுப்புப் பாலித்தீன் உறைக்குள் போட்டு, அதைச் சாக்குக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். வெளிச்சம் படக் கூடாது, காற்று படக் கூடாது, ஈரம் படக் கூடாது.

முன்பு மலைமேல் டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கியது. அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத் தகடு அடித்திருப்பார்கள். கடல் தாண்டும்வரை ஈரம் புகாது.

*

எங்கள் தெருவில் ஒருத்தி விடியுமுன் ஜீப் ஏறுகிறாள். காய் எடுக்க. ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன், பயமாக இருக்கிறது.

கைக்குழந்தை கீழே, மாமியாரிடம். மத்தியானம் பால் கட்டிக்கொள்ளும். ஏலச்செடி மறைவில் உட்கார்ந்து பீய்ச்சி விடுவாளாம்.

பேறுகாலச் சட்டம், 1961. 2025 வரை இருந்தது, தோட்டங்களுக்கும். 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951. அதுவும் 2025 வரை. பிரிவு 12: ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம். பிரிவு 17: மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு.

சட்டத்தில் கம்பளி என்று எழுதியிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஜீப்பில் போய் ஜீப்பில் வருகிறவளை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது? இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று.

மருந்து அடித்த தோட்டத்துக்குப் போன நாளில் வந்ததும் குளித்து, சேலை மாற்றி, அப்புறம்தான் பிள்ளையைத் தொடுகிறாள். பிள்ளை அதுவரை அழும். மாமியார் வாசலிலேயே வெந்நீர் வைத்திருப்பார்.

இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைமடுவம் என்று பெயர். அங்கே கம்பளியும் கொடுத்தார்கள். விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நிற்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பாலித்தீன் தாள். மழை உள்ளே வராது, வேர்வையும் வெளியே போகாது.

*

மலையில் வாழும் முதுவர் பெண்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடிப் பாதையில் பார்த்தது. இரண்டு கையும் வேலைக்குக் காலியாக இருக்கிறது.

மதுரையிலிருந்து மீனாட்சியையே முதுகில் சுமந்து போடி மலை ஏறினோம் என்று அவர்கள் சொல்வது உண்டு.

முதுகில் இருக்கிற பிள்ளை பெய்தால் தாய்க்கு அந்த நிமிஷமே தெரியும்.

டயாபர் போட்ட பிள்ளை பெய்தது பல மணி நேரம் யாருக்கும் தெரியாது. அதைத்தான் அட்டையில் பெருமையாகப் போடுகிறார்கள்.

கம்பளி ஜட்டி நடுவில். கையை வைத்தால் தெரியும். வைத்துப் பார்க்க வேண்டும்.

*

லானோலின். ஆட்டின் தோல் சுரக்கிற மெழுகு. ரோமத்தோடு வரும். ஆட்டை மழை நனைக்காமல் காப்பது அது. ஆலையில் கழுவும்போது எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் நாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

போடியில் மெடிக்கலில் கேட்டேன். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்குக் காம்பு வெடித்தால் தடவும் களிம்பு இருக்கிறது என்றார் பையன். எடுத்துப் பார்த்தேன். அதுவேதான். லானோலின், வேறொன்றும் இல்லை.

ஒரே குழாய். தாயின் மார்புக்கும் பிள்ளையின் ஜட்டிக்கும்.

முறை: ஒரு டம்ளர் கொதிநீர். சுண்டுவிரல் நுனியளவு லானோலின். குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு. கலக்கினால் பால் வெள்ளையாகும். வெள்ளையாகாமல் மேலே எண்ணெய்த் துளி மிதந்தால் இன்னும் ஒரு சொட்டு ஷாம்பு. அதை ஆறிய தண்ணீரில் ஊற்றி, ஜட்டியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி ஊறப்போட வேண்டும். ராத்திரி முழுக்க.

பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி மிதிக்க வேண்டும். நிழலில், தரையில் விரித்துக் காயவைக்க வேண்டும். தொங்கவிட்டால் நீளும்.

முதல் தடவை காய்ந்தபின் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. ஆட்டுக் கிடை வாசனை லேசாக. எனக்குப் பிடித்திருக்கிறது.

மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலையில் உருள்கிற மாதிரி உருண்டது.

தினமும் துவைக்க வேண்டாம். நனைந்ததைக் காற்றில் போட்டால் போதும். காய்ந்தபின் மூத்திர வாடை நிற்பதில்லை. வாடை நின்றால்தான் துவைப்பு. மலம் பட்டால் அந்த இடத்தை மட்டும் உடனே.

மேகத்துக்குள் கம்பளியும் மெதுவாகத்தான் காயும். ஆனால் மூன்று இருந்தால் சுற்றிவரும். மூன்று கம்பளிக்கு உள்ளே மாற்றுகிற பருத்தித் துணி நிறைய வேண்டும், அதற்குத்தான் இன்னும் சுவர் ஓரக் கொடி.

துவைக்கச் சலவைத் தூள் கூடாது. காரம் கம்பளியைத் தின்னும். பூந்திக்கொட்டை. போடி நாட்டு மருந்துக் கடையில் எப்போதும் இருக்கிறது. பட்டுக்கும் அதுதான்.

வைத்திருக்கும்போது பூச்சி. கம்பளியைத் தின்கிற புழு புரதம் தின்கிற புழு. பருத்தியைச் சீந்தாது. நொச்சி இலை, வசம்பு. பிள்ளைக்கு நாக்கில் தொட்டு வைக்கிற அதே வசம்பு.

*

போடி ஜமீன் ராஜகம்பளத்து நாயக்கர்களுடையதாக இருந்தது. அவர்களின் கூட்டத்தில் கம்பளி விரித்து, அதன்மேல் வேப்பிலை போட்ட நீர்க்கலசம் வைப்பதை எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். 1909இல் வந்த புத்தகம்.

கம்பளி. அதன்மேல் தண்ணீர்.

*

எங்கள் பக்கத்து ஆட்டுக்கு ரோமம் இல்லை.

கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை. எல்லாம் முடி ஆடுகள். வெயிலுக்கு ஏற்றவை. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வருகிற ஆடுகளைத் தடவிப் பார்த்தேன். நாயின் முதுகைத் தொட்டதுபோல் வழுவழுப்பு. ஆடு மேய்க்கிற கீதாரி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே என்றேன்.

கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டுக்கு ரோமம் உண்டு. முரடு. கம்பளிப் போர்வைக்கு ஆகும், பிள்ளைத் தோலுக்கு ஆகாது. இழையின் தடிமன் 30 மைக்ரான் தாண்டினால் குத்தும். மெரினோ 20க்குப் பக்கம்.

நீலகிரி ஆடு நடுத்தரம். ஆயிரத்து எண்ணூறுகளில் உள்ளூர் ஆட்டோடு மெரினோவும் சீமை ஆடுகளும் கலந்து வந்தது. இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஊட்டிக்குப் பக்கம் சாண்டிநல்லா பண்ணையில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. 1965 முதல். பாரத் மெரினோ ஆடுகள். ராஜஸ்தானத்துச் சோக்லா, நாலி ஆடுகளோடு ராம்பூயே, மெரினோ கலந்து உருவாக்கியவை. மெல்லிய ரோமம்.

மலை வழியே பார்த்தால் அது டாப் ஸ்டேஷனுக்கு எட்டின இடம். சாலை வழியே போனால் பெரியகுளம் வழியாகச் சுற்றி ஒரு பகல்.

சுற்றுலா வருகிறவர்கள் அந்த ஆடுகளோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ரோமத்தைப் பற்றி யாராவது கேட்கிறார்களா?

*

ஜட்டியை ஜீப்பில் கொடுத்தனுப்பினேன்.

மகள் போனில்: "ராத்திரி ஒரே தடவைதாம்மா எந்திரிச்சேன். மேல் துணி நனையல. உள்ள தொட்டுப் பாத்தேன், இடுப்பு சூடா இருந்துச்சு."

பிறகு: "பக்கத்து வீட்டு அக்கா தொட்டுப் பாத்துட்டே இருந்தாங்க. அவங்க பிள்ளைக்கு எட்டு மாசம்."

பிறகு: "கடைசி வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா. வடக்கத்திப் புள்ளைங்க. அதுக்கு ஒரு மாசம்கூட ஆகல."

ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களாம். அவர்கள் ஊரில் பிள்ளைக்கு என்ன கட்டுவார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். மகளுக்கு இந்தி வராது. கையைக் காட்டிக் கேட்டாளாம். அந்தப் பெண் தன் பழைய சேலை ஓரத்தைக் கிழித்து மடித்துக் காட்டினாளாம். முக்கோணம்.

பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய ஸ்வெட்டர் இருந்தால் கொடுக்கச் சொல்லு, இழை பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கச் சொல்லு.

கொளுத்தினார்கள். மூன்று ஸ்வெட்டர். மூன்றும் கறுப்பு மணி.

*

மீதி இருப்பது: ஜெர்சியின் முதுகுப் பாகம். தோள் ஒட்டு இரண்டு. சின்ன அளவில் ஒன்று வரும். நடுத்துண்டுக்குத் தோள் ஒட்டு ஆகாது, அது பருத்தி, ஒழுகும்.

அந்த ஒன்று கடைசி வீட்டுப் பிள்ளைக்கு. இடுப்பு 14 அங்குலம் வைத்து, நாடாவுக்கு இடம் விட்டு. வளர்ந்தால் மடிப்பைப் பிரிக்கலாம்.

எட்டு மாதப் பிள்ளைக்குக் கம்பளி தேட வேண்டும். இந்தத் தெருவில் பட்டாளத்துக்குப் போய் வந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாகக் கேட்க வேண்டும்.

மன்னவனூர் மையத்துக்கு ஒரு கடிதம். கேட்க வேண்டியவை: கத்தரித்த ரோமம் வெளி ஆட்களுக்கு விற்பனை உண்டா? கிலோ என்ன விலை? கழுவியதா, கழுவாததா?

கழுவாதது என்றால் நல்லது. லானோலின் அதிலேயே இருக்கும்.